சதமடிக்காத வெயிலும் கொல்லும்

ஏப்ரல் பிறந்ததும் தமிழ் நாளிதழ்களில் ஒரு பட்டியல் வரத் தொடங்கும். வேலூர், ஈரோடு, கரூர் பரமத்தி, திருத்தணி, மதுரை விமான நிலையம் என்று ஊர்ப்பெயர்கள். எதிரே பாரன்ஹீட் அளவில் எண்கள். நூறைத் தாண்டிய ஊர்களில் வெயில் ‘சதமடித்தது’ என்று செய்தி போடுவார்கள். அந்த எண்ணில் பிழை எதுவும் இல்லை. ஆனால் வெப்பத்தால் யார் சாகிறார்கள், ஏன் சாகிறார்கள் என்று கேட்டால் அது பாதி விடைகூடத் தராது. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சியைப் பார்க்கப் பல லட்சம் பேர் திரண்டார்கள். கத்திரி வெயில் கழிந்து நான்கு மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருந்தது. மே மாதத்தில் யாரும் பொருட்படுத்தாத அளவு அது. அன்று ஐந்து பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 ஏப்ரல் 16 அன்று, நவி மும்பையின் கார்கர் பகுதியில் திறந்த திடலில் நடந்த அரசு விருது விழாவில் 14 பேர் வெப்பத்துக்குப் பலியானார்கள். அதுவும் கடலோர ஊர். அங்கும் வெப்பமானி 40 டிகிரியைத் தொடவில்லை. வெப்பத்தின் ஆபத்தை அளக்க நாம் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு இந்த இரண்டு நாள்களே போதுமான சான்று. பார்க்க வேண்டியது உடலின் உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியேற வழி இருக்கிறதா என்பதை.

மனித உடல் ஓயாமல் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஏறக்குறைய 100 வாட். மண்வெட்டியால் கொத்தும்போதோ செங்கல் சுமந்து சாரம் ஏறும்போதோ இது 400 வாட்டையும் தாண்டும். உள்ளுடல் வெப்பநிலை 37 டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டுமானால் உண்டாகும் வெப்பம் அவ்வளவும் தோல் வழியாக வெளியேறியாக வேண்டும். காற்று குளிர்ந்திருந்தால் பாதி வேலை தானாகவே நடந்துவிடும். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்றும் அந்த அளவுக்கு ஏறிவிட்டால் அந்த வழி அடைபட்டுப்போகிறது. மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். பெரிய காரியம் இது. ஆனால் ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கும். நெற்றியிலிருந்து சொட்டுவதும் சட்டையை நனைத்து வழிவதும் உடலிலிருந்து நீரையும் உப்பையும் கொண்டுபோகின்றனவே தவிர, வெப்பத்தைப் பெரிதாகக் கொண்டுபோவதில்லை. மண்பானைத் தண்ணீர் வறண்ட மேல்காற்று வீசும் நாளில் சில்லென்று இருப்பதும், புழுக்கமான நாளில் வெதுவெதுப்பாகவே கிடப்பதும் இதனால்தான். பானையின் நுண்துளைகளில் நீர் கசிந்தாலும், ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று அதை வாங்கிக்கொள்வதில்லை.

வியர்வை ஆவியாகக் காற்றில் எவ்வளவு இடமிருக்கிறது என்பதை அளக்கவே ஈரக்குமிழ் வெப்பநிலை என்ற அளவு இருக்கிறது. வெப்பமானியின் குமிழில் நனைந்த துணியைச் சுற்றிக் காற்றுப் படும்படி வைத்தால் அது காட்டும் எண், ஆவியாதலால் எந்த அளவுக்குக் குளிர முடியும் என்பதைச் சொல்லிவிடும். வேலூரில் 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஈரக்குமிழ் வெப்பநிலை 24 டிகிரி அளவில் இருக்கும். சென்னையில் 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் அது 28 டிகிரியைத் தாண்டிவிடும். செய்தித்தாளில் ஏழு டிகிரி பின்தங்கும் சென்னை, வியர்வைக்கு வழிவிடும் விஷயத்தில் நான்கு டிகிரி மோசமான இடத்தில் நிற்கிறது. ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியானால், ஆரோக்கியமான மனிதர் நிழலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010-இல் ஒரு கணக்கு வெளிவந்தது. அது காகிதத்தில் போட்ட கணக்கு. பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை அறைக்குள் வைத்துச் சோதித்தபோது, லேசான நடமாட்டம் மட்டுமே இருந்தும், ஈரக்குமிழ் 30, 31 டிகிரியிலேயே அவர்களின் உள்ளுடல் வெப்பநிலை கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியது. முதியவர்களுக்கும் வெயிலில் உழைப்பவர்களுக்கும் வரம்பு இன்னும் கீழே. மெரினாவில் நெரிசலும் சேர்ந்துகொண்டது. தோளோடு தோள் ஒட்டி நிற்கும் கூட்டத்துக்குள் கடல்காற்று நுழைவதில்லை. ஒவ்வொருவரும் விடும் மூச்சும் வியர்வையின் ஆவியும் சுற்றியுள்ள காற்றை மேலும் நனைத்துவிடுகின்றன.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வெப்ப அலை வரையறை, சமவெளியில் 40 டிகிரி, கடற்கரையில் 37 டிகிரி என்ற குறைந்தபட்ச எண்களிலிருந்து தொடங்குகிறது. அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். கடற்கரைக்குத் தனி எண் வைத்திருப்பது நல்ல விஷயம், ஈரப்பதத்தையும் கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஆனாலும் மெரினாவில் நடந்தது போன்ற ஒரு நாள் அந்த வலையில் சிக்காது. எச்சரிக்கை வராத நாளில் மக்களும் எச்சரிக்கையாக இருப்பதில்லை.

அப்படியானால் உள்மாவட்டங்களின் வறண்ட வெயில் ஆபத்தற்றதா என்று கேட்கலாம். இல்லை, அதன் ஆபத்து வேறு வகை. 42 டிகிரியில் காற்று உடலிலிருந்து வெப்பத்தை வாங்குவதற்குப் பதிலாக உடலுக்குள் வெப்பத்தைத் தள்ளுகிறது. அதோடு நேரடி வெயிலும் தரையின் அனலும் சேர்கின்றன. செய்தியில் வரும் எண் காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் அளக்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இப்படிச் சேரும் வெப்பச் சுமை முழுவதையும் வியர்வையே தூக்கியாக வேண்டும். அது உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால், மணிக்கு ஒரு லிட்டர் இழந்தாலும் இழப்பது தெரியாது. 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த மாதத்தில் வழக்கமாக நடக்கும் மரணங்களைவிட 1,344 மரணங்கள் கூடுதலாக நடந்திருந்தன என்று பின்னர் நகராட்சிப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். இறந்தவர்களில் மிகச் சிலருடைய சான்றிதழில்தான் வெப்பம் என்ற சொல் இருந்திருக்கும். தோலுக்கு வெப்பத்தைக் கொண்டுவர இதயம் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் வரை கூடுதலாக ரத்தத்தை அங்கே அனுப்ப வேண்டியிருக்கிறது. பலவீனமான இதயம் அந்த ஓட்டத்தில் நின்றுவிடுகிறது, மருத்துவர் மாரடைப்பு என்று எழுதுகிறார். ஆகவே ‘இந்த ஆண்டு வெப்பத்தால் இத்தனை பேர்தான் இறந்தார்கள்’ என்ற அரசுக் கணக்குகளை வைத்து ஆபத்து சிறியது என்று முடிவுகட்டுவது சரியல்ல. வழக்கமான மரணங்களோடு ஒப்பிட்டுக் கூடுதலை எண்ணுவதே நேர்மையான வழி. 2003 கோடையில் ஐரோப்பா முழுவதும் இப்படி எண்ணியபோது 70,000-க்கும் மேற்பட்ட கூடுதல் மரணங்கள் தெரியவந்தன. அகமதாபாத் பாடம் கற்றுக்கொண்டு 2013-இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. தெற்காசியாவில் ஒரு நகரம் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை.

‘நம் உடம்பு வெயிலுக்குப் பழகியது, குளிர்நாட்டுக்காரர்கள்தான் பயப்பட வேண்டும்’ என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. இதில் உண்மையும் உண்டு. தொடர்ந்து ஒன்றிரண்டு வாரம் வெப்பத்தில் உழைத்தால் உடல் மாறுகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அதில் போகும் உப்பும் குறைகிறது. ஆனால் இந்தத் தகவமைப்பு பிறப்போடு வருவதில்லை. சில வாரம் விலகியிருந்தாலே கரைந்துவிடும். வெயில் வேலையில் ஏற்படும் மரணங்களில் பெரும்பங்கு வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாள்களில்தான் நிகழ்கிறது என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டது. விடுப்பு முடிந்து வளைகுடாவுக்குத் திரும்பும் தொழிலாளியும், நோயில் படுத்து எழுந்து கொத்தனார் வேலைக்கு வரும் சித்தாளும் இந்த ஆபத்துக் காலத்தில் இருப்பவர்களே. முதல் வாரம் முழு வேலை தரக் கூடாது. இதைவிட முக்கியமானது, பழக்கம் உடலைத்தான் மாற்றுமே தவிரக் காற்றை மாற்றாது என்பது. அதிகமாகச் சுரக்கும் வியர்வை ஈரக் காற்றில் ஆவியாகாவிட்டால், பழகிய உடல் நீரையும் உப்பையும் இன்னும் வேகமாக இழக்கும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் வெயிலுக்கு உப்பளத் தொழிலாளர்களைவிடப் பழகியவர்கள் யாரும் இருக்க முடியாது. தலைமேல் சூரியன், காலடியில் ஒளியை அப்படியே திருப்பி அடிக்கும் வெள்ளைப் பாத்தி, ஒதுங்க ஒரு மரமும் இல்லை. சென்னையின் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு ஏழு பேரிடம் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. நாள்தோறும் நீர் வற்றி, உடல் சூடேறி, மறுநாள் மீண்டும் அதே நிலைக்குப் போகும்போது சிறுநீரகம் சிறுகச் சிறுகச் சிதைகிறது. அது வலிக்காது, தெரியவரும்போது பாதிக்கு மேல் போயிருக்கும். மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இப்படி மாண்டிருக்கிறார்கள், சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாமலேயே. அதே நிறுவனம் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தன. இவர்கள் எல்லோரும் ‘பழகிய’வர்கள்.

‘தண்ணீர் நிறையக் குடித்தால் போதும்’ என்பது இன்னொரு நம்பிக்கை. தண்ணீர் இன்றியமையாதது, தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் உழைப்பவர்கள் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு தம்ளர் குடிக்க வேண்டும். ஆனால் மணிக்கணக்கில் வியர்ப்பவர்கள் வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைசுற்றல், குழப்பம், சில வேளை வலிப்புவரை கொண்டுபோகும். உப்புப் போட்ட நீர்மோரும் பழைய சோற்றுக் கஞ்சியும் வெயில் காலத்து உணவாக நிலைத்ததற்கு உடலியலில் காரணம் இருக்கிறது. உப்பும் சிறிதளவு சர்க்கரையும் சேர்ந்தால் குடல் நீரை விரைவாக உறிஞ்சும். ஒரு லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் கலந்த கரைசல் வாந்திபேதிக்கு உயிர்காப்பது அந்த வழியில்தான். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ நீரளவைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் கோடை தொடங்கும்போதே மருத்துவரிடம் புது அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் அப்படியே. ஆனால் எவ்வளவு குடித்தாலும் தண்ணீர் செய்வது வியர்வைக்கு மூலப்பொருள் சேர்ப்பதை மட்டுமே. ஆவியாக இடமில்லாத காற்றில் அது உடலைக் குளிர்விக்காது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டட வேலையிலும் உப்பளத்திலும் சாலையோரக் கடைகளிலும் இருக்கும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது அறியாமையால் அல்ல. ஒதுங்கக் கழிப்பறை இல்லை. அவர்களிடம் ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டுவது எந்தப் பயனும் தராது.

உடல் தோற்கும் கட்டத்தை அடையாளம் காண்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. தசைப்பிடிப்பு, தலைவலி, குமட்டல், அளவுக்கு மீறிய சோர்வு வந்தால் வேலையை நிறுத்தி, நிழலில் கால்களைச் சற்று உயர்த்திப் படுத்து, உப்புக் கலந்த நீரைப் பருகினால் பெரும்பாலும் சரியாகும். பேச்சு குழறினாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தாலோ, தள்ளாடினாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பவாதம். உள்ளுடல் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிட்டது என்று பொருள். தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பவாதம் என்று பலர் நினைக்கிறார்கள்; உழைக்கும்போது விழுபவர்களின் உடம்பு பெரும்பாலும் வியர்வையில் நனைந்தே இருக்கும். இதற்குப் பாராசிட்டமால் கொடுப்பதில் பயனில்லை. காய்ச்சலில் மூளையே வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது, மாத்திரை அதை இறக்குகிறது. வெப்பவாதத்தில் மூளை உயர்த்தவில்லை. வெளியேற வழியில்லாமல் வெப்பம் தேங்கிவிட்டது. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடனே உடலைக் குளிர்விக்க வேண்டும். ஆடையைத் தளர்த்தி, கிடைக்கும் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். பனிக்கட்டி இருந்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்க வேண்டும். முடிந்தால் கழுத்துவரை குளிர்ந்த நீர்த்தொட்டியில் இருத்துவதே சிறந்தது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முதல் அரை மணி நேரத்துக்குள் குளிர்வித்தால் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள். ஏற்றி அனுப்பிவிட்டு மருத்துவமனை பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் அந்த அரை மணி நேரம் சாலையில் போய்விடும்.

பகலைப் பற்றியே பேசுகிறோம். இரவு அதைவிடக் கவனிக்கப்படாதது. பகலில் திணறிய இதயமும் சிறுநீரகமும் தேறுவது இரவின் குளிர்ச்சியில்தான். 1995 ஜூலையில் சிகாகோவில் ஒரு வாரத்துக்குள் 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். பகல் வெப்பத்தோடு, இரவும் புழுக்கமாகவே நீடித்ததும், திருட்டுக்குப் பயந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு மேல்மாடிகளில் தனியே வசித்த முதியவர்கள் வெளியே வராததும் காரணங்கள். நம் ஊர்களில் தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸும் போட்ட ஓரறை வீடுகளும், பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு நள்ளிரவுவரை உமிழும் மொட்டைமாடிக் கான்கிரீட்டும் அதே வேலையைச் செய்கின்றன. கூரையில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வீட்டுக்குள் வெப்பம் இரண்டிலிருந்து ஐந்து டிகிரிவரை இறங்கும். தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென ஒரு கொள்கையே வகுத்தது. ‘ஏசி வாங்கிக்கொள்ளலாமே’ என்பார்கள். முதியவர் உள்ள வீட்டில் வாங்க முடிந்தால் வாங்கட்டும், அது உயிரைக் காக்கும். ஆனால் அறையிலிருந்து எடுத்த வெப்பத்தை அது தெருவில் கொட்டுகிறது, பக்கத்துத் தகரக் கூரைக்கும் சேர்த்து. மின்விசிறியைப் பற்றியும் ஒரு சொல். கடலோரப் புழுக்கத்தில் அது வியர்வையைக் காயவைப்பதால் மிக நல்லது. 40 டிகிரியைத் தாண்டிய வறண்ட அறையில் அனலையே உடலின்மேல் தள்ளும். அங்கே ஈரத்துணியால் உடலைத் துடைத்துவிட்டு விசிறியின் கீழ் உட்கார வேண்டும்.

‘பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை வெளியே வராதீர்கள்’ என்ற அறிவிப்பு, வராமல் இருக்க முடிந்தவர்களுக்கே பயன்படும். உடலுக்குள் உண்டாகும் 400 வாட்டைக் குறைக்க ஒரே வழி வேலையை நிறுத்துவது. நிறுத்தினால் கூலி போகும், உற்பத்தி குறையும் என்பதுதான் வலுவான மறுப்பு; அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. எல் சால்வடாரில் கரும்பு வெட்டுபவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நகர்த்தக்கூடிய நிழற்கூடாரம், முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பை, குறித்த நேரத்துக்கு ஒரு முறை கட்டாய ஓய்வு, கூடவே வடிவம் திருத்திய வெட்டுக்கத்தி. ஓர் ஆள் நாளொன்றுக்கு வெட்டும் கரும்பு 5.1 டன்னிலிருந்து 7.3 டன்வரை உயர்ந்தது. கத்திக்கும் அதில் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓய்வால் உற்பத்தி விழுந்துவிடவில்லை என்பதும் உறுதி. சூடேறிய உடல் மெதுவாகத்தான் வெட்டும், தவறாகவும் வெட்டும். அந்த இழப்பை முதலாளிகள் கணக்கில் எழுதுவதில்லை.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் கிடைக்க வழி பிறந்தது, வரவேற்க வேண்டியது. ஆனால் இழப்பீடு மரணத்துக்குப் பின் வருவது. வேலைத்தளத்தில் எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கு ஒரு விதி தேவை, அந்த விதி கடிகாரத்தை மட்டும் பார்க்கக் கூடாது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் உழைக்கும் கத்தார் இதற்கு ஒரு முன்மாதிரி. அங்கு முதலில் கோடைக்கால மதிய வேலைத் தடை மட்டுமே இருந்தது. கடலோர ஈரப்பதம் காலையிலும் மாலையிலும் ஏறுவதால், தடை நேரத்துக்கு வெளியேயும் தொழிலாளர்கள் விழுந்தார்கள். 2021-இல் தடையைக் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை நீட்டினார்கள். அதோடு காற்று, ஈரம், வெயிலின் கதிர்வீச்சு மூன்றையும் சேர்த்து அளக்கும் கருவி 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த மணியாக இருந்தாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்றார்கள். கையடக்கமான அந்தக் கருவியை ஒரு கட்டட ஒப்பந்ததாரர் எளிதில் வாங்கிவிடலாம். கடலூரிலிருந்து தூத்துக்குடிவரை கடலோரத்தில் நடக்கும் எந்த வேலைக்கும் 12 முதல் 3 என்ற மணிக்கணக்கு பொருந்தாது. மே மாதத்தில் கடல்காற்று ஏறிய பிறகு மாலை ஐந்து மணிக்குக்கூடப் புழுக்கம் எல்லை தாண்டியிருக்கும். அளந்து நிறுத்துவதும், நிறுத்திய நேரத்துக்குக் கூலி தருவதும் ஒரே ஆணையில் வர வேண்டும். பாத்திக் கணக்கிலும் செங்கல் கணக்கிலும் கூலி வாங்குபவர், கூலியில்லாத ஓய்வை எடுத்துக்கொள்ள மாட்டார்.